எழுதித் தராத மாத்திரைகளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதற்கு இந்த முறை என்னிடம் ஆதாரம் இருக்கிறது. நேற்று முற்பகல் மருத்துவமனையில் என் கண்ணெதிரே நடந்த ஒரு காரியம் அது. அதைக் கடைசியில்தான் எழுதப்போகிறேன். வரிசை தவறினால் அதன் அருமை உனக்குப் புரியாது. முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து பேசியபோது, “கல்யாணத்துக்கு வர்றப்ப அம்மாவுக்கு இன்னும் எத்தன டப்பா வாங்கிட்டு வரட்டும்ப்பா?” என்று கேட்டாய். ஒன்றுகூட வேண்டாம். பெட்டியில் அந்த இடத்தில் உன் துணிமணிகளை வை. கூடவே இன்னொன்றும் சொன்னாய். கெங்குவார்பட்டியில் உன் வருங்கால மாமனாரின் அண்ணனுக்கும் அம்மாவைப் போலவே பக்கவாதம் வந்திருப்பதாகவும், அம்மாவுக்குக் கொடுத்த ஊட்டச்சத்து மாத்திரைகளின் பட்டியலை அவருக்கு அனுப்புவதாக நீ வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாய். இந்தக் கடிதத்தை இறுதிவரை படிக்காமல் அந்தப் பட்டியலை அனுப்பாதே. அனுப்பத்தான் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையே அனுப்பிவிடு. அவர் வீட்டாரும், இதே நிலையில் இருக்கும் வேறெவரும் படிக்கட்டும் என்றுதான் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

“நான் அனுப்புனதுலதான் அம்மா எந்திரிச்சாக” என்று பெண் வீட்டாரிடம் நீ சொன்னது என் காதுக்கும் வந்தது. அப்படி நீ நம்புவதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. ஒவ்வொரு வாரமும் நீ போனில் கேட்டாய், நானும் “குடுத்துட்டுத்தான் இருக்கேன், நல்லா இருக்கா” என்று சொன்னேன். அந்த வாக்கியத்தின் முதல் பாதி சில வாரங்களுக்கு மட்டும் உண்மை. பிற்பாதி அந்தச் சில வாரங்களில் பொய். பிற்பாதி உண்மையானபோது முதல் பாதி பொய்யாகிவிட்டது. ஆக, எந்த ஒரு நாளிலும் அந்த வாக்கியத்தை முழு உண்மையாக நான் உன்னிடம் சொல்லவில்லை. வக்கீலாக வாழ்நாள் முழுதும் பிறருடைய வாக்குமூலங்களைத் திருத்தி எழுதியவன், என் வாக்குமூலத்தை இப்போதுதான் திருத்துகிறேன்.

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை வேளை. நம் பழனிசெட்டிபட்டி வீட்டுச் சமையலறையில் உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி விழுந்த சத்தம் கேட்டு நான் போனபோது அவளுடைய வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. “என்னங்க” என்று கூப்பிட முயன்றிருக்கிறாள். வெளியே வந்தது சொல்லாக இல்லை. அன்றைக்கு மட்டும் நான் யோசிக்கவில்லை, யாரையும் கலந்துகொள்ளவில்லை. கிடைத்த முதல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். சீக்கிரம் வந்ததால்தான் இவ்வளவாவது காப்பாற்ற முடிந்தது என்று டாக்டர் சொன்னார். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதால் அங்கே கட்டிய இரத்தத் துணுக்கு மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. வலது கை, வலது கால், பேச்சு ஆகியவற்றோடு, நாம் யாரும் நினைத்தே பார்த்திராத ஒன்றும் போயிருந்தது. விழுங்கும் திறன். நீ ஓடி வந்து விடுப்பு தீரும்வரை கட்டில் பக்கத்திலேயே இருந்தாய். நீ விமானம் ஏறிய அன்று அவள் மூக்கில் குழாய் இருந்தது. அந்த முகத்தைத்தான் நீ நெஞ்சில் சுமந்துகொண்டு போனாய் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வாரங்களில் குழாயை எடுத்தார்கள். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கும், கம்பம் ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள், போனில் நீயும் ஒருமுறை பேசியிருக்கிறாய். எதையெல்லாம் வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால், தயிர்ப் பதத்தில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்தும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. நான் ஒரு கேள்வி கேட்டேன். கஞ்சியே இறங்குகிறதென்றால், தண்ணீர் இன்னும் சுலபமாக இறங்குமே? அவள் சிரித்துவிட்டாள். “எல்லாரும் இதத்தான் கேக்குறாக ஐயா. கெட்டியா இருந்தா மெதுவா எறங்கும், தொண்டை சுதாரிச்சுக்கிரும். தண்ணி அப்பிடி இல்ல. கதவ மூடுறதுக்குள்ள ஓடி நுரையீரலுக்குப் போயிரும். கடைசிப் பரீட்சையே தண்ணிதான்.” பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதற்கென்று உள்ள மாவைக் கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைத்தான் கரண்டியில் ஊட்ட வேண்டும். அது தண்ணீர் மாதிரியே இருக்காது. உன் அம்மா அதை வாயில் வாங்கும்போதெல்லாம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ‘வாங்க’ என்பதே. அந்த வீட்டில், தாகத்தோடு சைகை காட்டும் மனைவிக்கு நான் தண்ணீர் மறுத்துக்கொண்டிருந்தேன். நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொம்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன். “நாக்கு வறண்டு கெடக்குய்யா. ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூடாதா? என்ன மனுசரு நீங்க! கோர்ட்டுல தீர்ப்பு வாங்கிட்டு வந்து குடுக்கணுமோ?” என்று அவர் கேட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். அதன் பிறகு தெருவில் எனக்கு ‘தண்ணி குடுக்காத வக்கீலு’ என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் செய்தது சரி, மகனே. ஆனால் அதில் சரியாக இருந்ததாலேயே எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். என் தவறு அங்கே தொடங்கியது.

மருத்துவமனையில் தந்த தாளில் ‘உப்பு, எண்ணெய் குறைக்கவும்’ என்று இருந்தது. குறைப்பதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகவே நாள்கணக்கில் வாதாடியவன் நான். ஆனால் பயம் வந்தபோது அந்த வேறுபாடு எனக்கு மறந்துபோனது. உப்பை அடியோடு நிறுத்தினேன். எண்ணெயை நிறுத்தினேன். முட்டையில் கொழுப்பு என்று முட்டையை நிறுத்தினேன். இரத்தம் உறையாமல் இருக்க அவளுக்குக் கொடுத்த மாத்திரைக்குக் கீரை ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டுக் கீரையையும் நிறுத்தினேன். அனுமதி என்று எழுதாததெல்லாம் தடை என்று பொருள்கொண்டேன். ஆக மூன்று வேளையும் உப்பில்லாத அரிசிக் கஞ்சி. அதுவரை அடுப்பே பற்றவைத்தறியாத நான் தராசில் நிறுத்துக் காய்ச்சிய கஞ்சி. இரண்டு கரண்டிக்கு மேல் அவள் வாயைத் திறக்கமாட்டாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ‘நோய் அப்படி’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் உன் வடுகபட்டி மாமா வந்தார். அவர் மண்டியிலிருந்து நேரே வந்தால் அவருக்கு முன்னால் பூண்டு வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அக்காவைப் பார்த்து அழுதார், அழுது முடித்ததும் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். “மச்சான், டாக்டரு ஆயிரஞ் சொல்லுவாக. எங்கக்கா பொறந்தது பூண்டு மூடைக்கு நடுவுல. ரத்தக் கட்டக் கரைக்கிறதுக்கு இத விட்டா என்ன இருக்கு? தெனம் எட்டுப் பல்லு பச்சையா அரச்சுக் கஞ்சியில கலந்து குடுங்க. ஒரே மாசத்துல எந்திரிச்சு என்னைய வைய ஆரம்பிச்சிரும்.”

“இது எங்கயாவது எழுத்துல இருக்கா மாப்ள?” என்று கேட்டேன்.

“எழுத்துல இருந்தாத்தான் சோறே திம்பீகளாக்கும்!” என்றார்.

எதிர்த்து வாதாட என்னிடம் வலு இல்லை. பூண்டுதானே, சமையலறையில் இருப்பதுதானே என்று சம்மதித்தேன். அடுத்த வாரம் உன் பார்சல் வந்தது. மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டுச் சாறு மாத்திரை, ஏதோ ஒரு மர இலையின் சாறு, மேலும் இரண்டு. மூளைக்கு, நரம்பிற்கு, இரத்த ஓட்டத்திற்கு என்று ஒவ்வொரு டப்பாவின் மீதும் உன் கையெழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாய். அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரத்தில் இருப்பவனால் வேறு என்ன செய்ய முடியும்? இதை வேண்டாமென்று சொன்னால் உன் கையைத் தட்டிவிட்டது போலாகும் என்று நினைத்தேன். முழுதாக விழுங்க அவளால் முடியாது என்பதால் ஊசியால் குத்தி எண்ணெயைப் பிதுக்கி, மற்றதைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டினேன். பச்சைப் பூண்டும் போயிற்று, பூண்டு மாத்திரையும் போயிற்று. இரண்டும் ஒன்றே என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இதை டாக்டரிடம் சொன்னேனா என்று நீ கேட்பாய். மாதப் பரிசோதனையில் அவர் கேட்டது இதுதான்: “மாத்திரையெல்லாம் நான் எழுதினபடிதான் குடுக்குறீங்களா, சார்?” நான் சொன்ன பதில்: “எழுதியபடியேதான், டாக்டர்.” அதில் பொய் இல்லை. அவர் எழுதியவற்றில் ஒன்றைக்கூட ஒரு வேளையும் நான் தவறவிடவில்லை. அவர் எழுதாததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூண்டில் ஏறும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் நான் சொல்லி அனுப்பும் முதல் பாடம், ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, கூட ஒரு வார்த்தை பேசாதே’ என்பது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எதிராகக் கற்றுக்கொடுத்த அந்தத் தந்திரத்தை, என் மனைவியின் உயிரைக் காப்பாற்ற உட்கார்ந்திருந்த மனிதரிடம் நான் பிரயோகித்தேன். உனக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில் இதுவே பெரிது.

பிறகு ஒரு காலையில் தலையணை உறையில் இரத்தக் கறை. ஈறிலிருந்து கசிந்திருக்கிறது. மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது தொடையில் கையகலத்துக்கு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். எங்கும் இடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்று பயிற்சிக்கு அழைத்துப்போனபோது மூக்கிலிருந்து வழியத் தொடங்கியது, நிற்கவில்லை. கம்பத்துப் பெண் முந்தானையை விலக்கிக் கையிலும் அதே நீலத்தைப் பார்த்தாள், சக்கர நாற்காலியைத் திருப்பி டாக்டர் அறைக்கே தள்ளிக்கொண்டு ஓடினாள். இரத்தத்தைச் சோதித்தார்கள். உறையாமல் காக்கும் மாத்திரையின் வேகம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. இந்த இரத்தக் கசிவு மூளைக்குள் நடந்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, உன் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “வேற எதாச்சும் குடுக்குறீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

அப்போதும், நம்புவாயா, நான் சொன்னது இது: “தாங்கள் எழுதித் தந்ததில் ஒன்றுகூட விடவில்லை.”

“ஐயா, அவுக அதக் கேக்கல” என்றாள் அந்தப் பெண். “எழுதித் தராதது என்னன்னு கேக்குறாக.”

உன் பெயரைச் சொல்ல வேண்டும், உன் மாமா பெயரைச் சொல்ல வேண்டும், என் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மாதமாக ‘ஆ’, ‘ஊ’ என்பதைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து.

“பூ... ண்டு.”

மூன்று பேரும் திரும்பினோம். மூக்கில் பஞ்சோடு உன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “மாத்... திர” என்றாள். அடுத்து, “மகென்.” பிறகு இடது கையைத் தூக்கி நேரே என்னைக் காட்டி, “இவுக” என்றாள். அவ்வளவுதான். நான்கு சொற்கள். இத்தனை சுருக்கமாக, இத்தனை முழுமையாக, குறுக்கு விசாரணைக்கு இடமே இல்லாமல் ஒரு சாட்சியம் சொல்லப்பட்டதை என் தொழிலில் நான் கண்டதில்லை. அந்தப் பெண் தன் நிலையை மறந்து கைதட்டிவிட்டாள். “பேசிட்டாகய்யா! அம்மா பேசிட்டாக!” பயமும் வெட்கமும் ஒரு பக்கம் கிடக்க, நான் அழுதது சந்தோஷத்தால்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

உடனே அனுமதித்து, அந்த வேகத்தைத் தணிக்கும் மாற்று மருந்து கொடுத்தார்கள். மூன்று நாளில் ஆபத்து நீங்கியது. வீட்டிலிருந்த அத்தனை டப்பாக்களையும் பையோடு கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். பூண்டு பொட்டலத்தையும் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். மீன் எண்ணெயும் பூண்டுச் சாறும் அந்த இலைச் சாறும் தனித்தனியாகவே இரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியவை என்றும், அதே வேலையைச் செய்யும் மாத்திரையோடு சேர்ந்தால் இப்படி ஆகக்கூடும் என்றும் விளக்கினார். நான் கீரையை நிறுத்தியதும், கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே போகாததும் அதை இன்னும் கூட்டியிருக்கின்றன. “உங்க மகன் பிரியமா அனுப்புனது தப்பில்ல சார். மச்சினர் குடுத்ததுகூடத் தப்பில்ல. எனக்குச் சொல்லாம விட்டீங்க பாருங்க, அது ஒண்ணுதான்” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

உணவு ஆலோசகர் ஒருவரையும் வரவழைத்துப் புதிய திட்டம் எழுதினார்கள். இந்தப் பகுதியைக் கெங்குவார்பட்டிக்காரர்கள் கவனமாகப் படிக்கட்டும், ஆனால் அப்படியே பின்பற்ற வேண்டாம். இது உன் அம்மாவுக்காக, அவளுடைய இரத்தத்தையும் எடையையும் பார்த்து எழுதியது. அவர்களுக்கு அவர்களுடைய டாக்டர் எழுத வேண்டும். முதலில் அந்தக் கம்பத்துப் பெண் சொன்னதைச் சொல்கிறேன், என் மண்டையில் ஆணியடித்தாற்போல இறங்கியது அது. “விழுங்குறதும் தசைதான் ஐயா. நீங்க வெறுங் கஞ்சியக் குடுத்துட்டு அந்தத் தசை எங்கனருந்து பலம் பிடிக்கும்னு நெனச்சீக? கையி காலுக்குப் பயிற்சி குடுக்குறோம், அதுக்குக் கூலி யாரு குடுக்குறது?” அன்றிலிருந்து முட்டை வந்தது. குழைய வெந்த பாசிப்பருப்பு, கட்டித் தயிர், முள் பார்த்து மசித்த மீன், வழுவழுப்பாக அரைத்த நிலக்கடலை, நன்றாகப் பழுத்து மசித்த நாட்டு வாழைப்பழம் எல்லாம் வந்தன. மூன்று வேளை ஆறு வேளையானது, அளவு சிறிதானது. கீரையை விலக்கவும் வேண்டாம், ஒரே நாளில் கொட்டவும் வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு என்றார்கள். உப்பு குறைவாக, ஆனால் இருந்தது. குறைந்த இடத்தை எலுமிச்சையும் சீரகமும் வறுத்த மல்லியும் நிரப்பின. எடை மிகவும் இறங்கியிருந்ததால் புரதப் பொடி ஒன்றைத் தயிரில் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். எடை திரும்பியதும் அவர்களே நிறுத்தினார்கள். இரத்தத்தில் பி12 குறைவு என்று சோதனையில் தெரிந்ததால் அதற்கு ஊசி போட்டார்கள். சோதித்துப் பார்த்து, குறை இருந்த இடத்தில் மட்டும் நிரப்பினார்கள். கூடுதலாகக் கொடுத்தது இவ்வளவே. நீ அனுப்பிய ஐந்தில் ஒன்றுகூட அதில் இல்லை.

உன் மாமாவுக்குத் தகவல் சொன்னபோது பாவம், இடிந்துபோய்விட்டார். நான் கொலைகாரனா மச்சான் என்று போனிலேயே விம்மினார். மருந்தென்று எண்ணிப் பச்சையாக அரைத்துக் கொடுப்பதுதான் ஆகாது, குழம்பில் நாலு பல் வேகட்டும், அதில் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அப்ப பூண்டுக்கு விடுதலையா மச்சான்?” என்று கேட்டார். “நிபந்தனை ஜாமீன் மாப்ள” என்றேன். மறுநாள் காலையில் அக்காவின் குழம்புக்கென்று பொறுக்கி எடுத்த பூண்டோடு வாசலில் நின்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஏற்றம்தான், மகனே. சுவரில் எடை எழுதிய தாளைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் காபி குடித்ததில்லை. கன்னத்தில் சதை திரும்பியது. ஊன்றுகோலோடு நின்றாள். தை பிறந்தபோது வலது கை கரண்டியைப் பிடித்தது. முதல் கரண்டி மூக்கில் முட்டியது, இரண்டாவது கழுத்தில் வழிந்தது, மூன்றாவதை நேரே வாய்க்குக் கொண்டுபோய் முழுங்கிவிட்டு, போர்க்களத்தில் கொடி நாட்டியவளைப் போல என்னைப் பார்த்தாள். பங்குனியில் ஒரு காலை, தானாகவே சமையலறை வரை நடந்து வந்து, என் பருப்பை ருசி பார்த்து, “கோர்ட்டுச் சோறு” என்றாள். பிறகு, “தள்ளுங்க” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அன்றைக்குத் தாளித்தது அவள். கடுகு வெடித்த சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தா, இந்தக் கையி அடுப்பத் தொட்டுருச்சா!” என்று கூவினார். என்னைப் பார்த்து மட்டும், “தண்ணி எப்பய்யா?” என்றார். கெட்டித் தண்ணீர் மெல்ல மெல்ல இளகிக்கொண்டுதான் வந்தது. பச்சைத் தண்ணீருக்கு மட்டும் அனுமதி வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு கொடுத்துப் பார்ப்பார்கள், இருமல் வரும், ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்பார்கள்.

இந்த மாதங்களில்தான் நீ வாரந்தோறும் போனில் கேட்டாய், நானும் ‘குடுத்துட்டுத்தான் இருக்கேன்’ என்று சொல்லிவந்தேன். டப்பாக்கள் டாக்டர் மேசையிலிருந்து என் சட்டப் புத்தக அலமாரிக்கு வந்துவிட்டிருந்தன. உன் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். அது காரணமே இல்லை. உன் அன்பு அந்த டப்பாவுக்குள் இருந்தது என்பது மெய். அந்த அன்பைக் காப்பாற்றுவதாக நினைத்து உனக்குத் தவறான நம்பிக்கையை ஊட்டினேன். அது உன்னிடமிருந்து இன்னொரு நோயாளியின் வீட்டு வாசல்வரை போய்விட்டது. நீ இப்போது ஒரு பெண்ணோடு வாழ்க்கையைத் தொடங்கப்போகிறாய். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் கணவனாக இராதே. அவள் கேட்கத் தெரியாமல் விட்டதையும் நீயே எடுத்துச் சொல். கெங்குவார்பட்டிப் பெரியவருக்கு நீ செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான். வீட்டில் அவருக்குக் கொடுக்கும் பொடி, சாறு, கசாயம், மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு, அவருடைய டாக்டர் மேசையில் கொட்டச் சொல். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாமென்றும் சொல். விழுங்கும் திறனைச் சோதித்தார்களா என்று நீ கேள். எடை இறங்குகிறதா என்றும் கேள்.

இனி நேற்றைய விஷயம். உன் கல்யாணம் நெருங்குகிறது, பந்தியில் உட்கார வேண்டும், சம்பந்தி வீட்டில் நீட்டும் சொம்பை மறுக்க முடியாது என்று உன் அம்மா ஒரு மாதமாகப் பயிற்சியைக் கூட்டியிருந்தாள். நாக்கை அழுத்துவதும் தொண்டையை இறுக்குவதுமாக, குளிக்கும்போதுகூட விடுவதில்லை. நேற்று முற்பகல் கம்பத்துப் பெண் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தாள். டாக்டரும் வந்து நின்றார். முதலில் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர். காத்திருந்தோம். இருமல் இல்லை. இன்னொரு கரண்டி. இல்லை. பிறகு எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி அவள் வலது கையில் கொடுத்தாள். தண்ணீர் விளிம்பில் ஆடியது. நான் பிடிக்கப் போனேன். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். ஒரு மிடறு, இன்னொரு மிடறு, நிறுத்தி ஒரு மூச்சு, மீண்டும். அவள் தொண்டை ஏறி இறங்குவதை, இந்த ஒன்பது மாத வழக்கின் தீர்ப்பு வாசிக்கப்படுவதைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றேன். டம்ளர் காலியானது.

அதோடு முடியவில்லை. குடித்த பிறகு பேச வைத்துக் கேட்பார்கள். தண்ணீர் தப்பான வழியில் போயிருந்தால் குரல் களகளவென்று வரும். அந்தப் பெண் குனிந்து, “எங்க, ஆ-ன்னு சொல்லுங்கம்மா” என்றாள்.

உன் அம்மா ‘ஆ’ சொல்லவில்லை. டம்ளரை மடியில் வைத்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, கலங்காத, தெளிந்த குரலில் சொன்னாள்:

“எம் மகெனுக்கு ஆவணியில கல்யாணம், ஆத்தா. நீ வரணும். டாக்டரையும் கூட்டிட்டு வரணும். மொதப் பந்தியில ஏம் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடணும்.”

அன்புடன்,
உன் அப்பா